“பார்க்கலாம்” என்றால் எப்போது?

மார்ச் 3, 2025

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனம். சோதனைப் பிரிவில் வேலை செய்யும் ஆட்டிசம் உள்ள இளைஞர் ஒருவருக்குப் பயிற்சியளிக்க அழைத்திருந்தார்கள். “பையன் கெட்டிக்காரன் மேடம். அனுசரித்துப் போகத்தான் தெரியவில்லை. நீங்கள் சரிசெய்து கொடுங்கள்” என்றார் மனிதவள அலுவலர், பழுதான மின்விசிறியைக் கடையில் கொடுப்பவர்போல.

அந்தத் தம்பியின் இருக்கை அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில். தலைக்கு மேலே துடிக்கும் குழல்விளக்கு. இடம் மாற்றித் தரும்படி கேட்டிருக்கிறார். குழுத்தலைவர் “பார்க்கலாம்” என்றிருக்கிறார். அன்றிலிருந்து மூன்று வாரமாகத் தினமும் பத்து மணிக்குப் போய், “பார்த்துவிட்டீர்களா சார்?” என்று கேட்கிறாராம். நச்சரிப்பு என்பதுதான் அவர்மீதுள்ள முதல் புகார்.

மார்ச் 5

தம்பியுடன் ஒரு மணி நேரம். “பார்க்கலாம் என்றால் எப்போது பார்ப்பார்கள் மேடம்?” என்று கேட்டார். சிரித்துவிட்டேன், சிரித்திருக்கக் கூடாது. முகத்துக்கு நேரே மறுக்கக் கூச்சப்பட்டு நாம் கண்டுபிடித்த சொல் அது. “சொல்லி அனுப்புகிறேன்” என்பதும் அதே ஜாதி. என் அம்மா, போகப்போவதில்லை என்று முடிவுசெய்த கல்யாணங்களுக்கும் “கட்டாயம் வருகிறோம்” என்பார். பெரும்பாலோர் இதை வளரும்போதே பிடித்துக்கொள்கிறோம். தம்பிக்கு யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். சொன்னேன். நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டார். “அப்படியானால் ஏன் முடியாது என்று சொல்வதில்லை?” என்று கேட்டார். என்னிடம் நல்ல பதில் இல்லை.

மார்ச் 11

குழுத்தலைவரோடும் அவருடைய ஆட்கள் ஆறு பேரோடும் அமர்வு. “இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் மேடம்” என்று தொடங்கினார். ஜெர்மனியின் மென்பொருள் நிறுவனமான எஸ்ஏபி, ஆட்டிசம் உள்ளவர்களைத் தேடி வேலைக்கு எடுக்கத் தொடங்கியபோது முதலில் முயன்ற இடங்களில் ஒன்று பெங்களூர் என்றேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். இவர்களும் வெளியிட்டிருக்கிறார்கள். அறையில் ஒருவர்கூட அதைப் படித்ததில்லை.

“அவனுக்கு மட்டும் சலுகை கொடுத்தால் மற்றவர்களும் கேட்பார்களே?”

கேட்கட்டுமே என்று சொல்லிவிட்டு, அவர் வழக்கமாக அனுப்பும் ஒரு வேலைக் குறிப்பைப் பலகையில் எழுதச் சொன்னேன். “சீக்கிரம் சோதித்து அனுப்பவும்.” எப்போதைக்குள் என்று ஆறு பேரும் தனித்தனிச் சீட்டில் எழுதினார்கள். இன்று மாலை என்று இருவர், நாளை என்று மூவர், ஒருவர் வெள்ளிக்கிழமை. யாருக்கும் ஆட்டிசம் இல்லை. அல்லது இருப்பதாகச் சொல்லவில்லை. குழுத்தலைவர் சீட்டுகளை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். பிறகு தாமாகவே எழுந்து, “சீக்கிரம்” என்பதை அழித்துவிட்டு “புதன் மாலை 5 மணிக்குள்” என்று எழுதினார். என் ஒரு மாதப் பேச்சைவிட அந்தச் சீட்டுகள் அதிகம் சாதித்தன.

இருக்கை மாறியது. செலவு: ஒன்றுமில்லை.

மார்ச் 14

வேறொரு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். ஏ.டி.எச்.டி. (கவனச்சிதறல், மிகைச்செயல்பாடு) இருப்பதை அலுவலகத்தில் சொல்லலாமா என்று கேட்டார். மாற்றுத்திறனாளிகள் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசம் உண்டு, கற்றல் குறைபாடு உண்டு; ஏ.டி.எச்.டி. பெயர் இல்லை. பெயரைச் சொல்லாமலே தேவையை மட்டும் கேட்டுப் பாருங்கள் என்றேன். பாதி மனதோடுதான் சொன்னேன்.

மார்ச் 20

நான் 20 நிமிடம் தாமதம். தம்பி கோபப்படவில்லை. “4 மணி என்றீர்கள். இப்போது 4.20” என்று மட்டும் சொன்னார். அவர் நோட்டிலும் அது ஏறியிருக்கும்.

ஏப்ரல் 2

உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள். அலுவலகம் முழுக்க நீல பலூன்கள். ஓசையைத் தாங்க முடியாதவருக்காக வெடிக்கக்கூடிய பொருளைக் கட்டித் தொங்கவிடும் யோசனை யாருடையதோ. மேடையில் தம்பி தம் அனுபவத்தைப் பேச வேண்டும் என்று மனிதவள அலுவலருக்கு ஆசை. தம்பியிடம் காலையிலேயே கேட்டிருக்கிறார்.

பதினோரு மணிக்கு என்னைத் தேடி வந்தார். “பார்க்கலாம் என்கிறான் மேடம். அவன் சொன்னால் சொன்னபடி செய்கிறவன் ஆயிற்றே, வருகிறானா வரவில்லையா?”