நாக்ஸோஸ் தீவுக்கு பெரிய கப்பல்ல

ஏதென்ஸ் பக்கத்துல இருக்கற பிரேயஸ் துறைமுகத்துலேருந்து நாக்ஸோஸ் போக பெரிய கப்பல்ல அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆகும், ஹை-ஸ்பீடு கப்பல் சீக்கிரம் போயிடும்தான் ஆனா அதுல பெரும்பாலும் உள்ளேயே உக்காந்திருக்கணும், எனக்கு மேல்தளத்துல உப்புக்காத்து மூஞ்சில அடிக்க நிக்கறதுதான் வேணும். ஜூலை, ஆகஸ்ட்ல மெல்டெமினு ஒரு வடக்கத்திக் காத்து வீசும், ரொம்ப வலுத்தா கப்பலையே நிறுத்திடுவாங்க, அதனால ஊருக்குத் திரும்பற ஃப்ளைட்டுக்கு ஒரு நாள் முன்னாடியே ஏதென்ஸ் வந்துடுங்க.

வழியில பாரோஸ் தீவுல கப்பல் திரும்பி பின்பக்கமா கரையை ஒட்டுச்சு, இரும்புக் கதவு கீழ இறங்கறதுக்குள்ளயே ஜனங்க பெட்டியோட ரெடி, கூடவே லாரி, ஸ்கூட்டர் எல்லாம்.

அடுத்தது நாக்ஸோஸ். கப்பல் உள்ள நுழையறப்பவே கிரேக்கக் கடவுள் அப்போலோ கோயிலோட பளிங்கு வாசல் மட்டும் தனியா நிக்குது, 2500 வருஷமா, கோயிலைக் கட்டி முடிக்காமலே. எனக்குப் பேச்சே வரலை.