மணியாச்சிக்கு முன்னும் பின்னும்

1911 ஜூன் 17 காலை மணியாச்சி சந்திப்பில் நடந்த காரியம் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் ஆஷும் அவர் மனைவியும் முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்து, தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காகக் காத்திருந்தார்கள். கோடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பயணம். செங்கோட்டைக்காரரான வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறி, பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால் மிகக் கிட்டத்தில் நின்று ஆஷைச் சுட்டார். பிறகு பிளாட்பாரத்துக் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். ஆஷைத் திருநெல்வேலிக்குத் திருப்பிக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்தது.

இதை வைத்து சிங்கப்பூரில் ஆறு பேர் சேர்ந்து எட்டுப் பாட்டு கொண்ட ஓர் ஆல்பம் செய்தோம். ஒலிப்பதிவும் மிக்ஸிங்கும் என் பொறுப்பு. உபி வட்டாரத்தில், கீழ்த்தளத்தில் லாரிகள் பின்னோக்கி வரும்போதெல்லாம் பீப் பீப் என்று கத்துகிற ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தில் எங்கள் ஸ்டுடியோ இருக்கிறது. எல்லோருக்கும் பகல் வேலை உண்டு என்பதால் இரவில்தான் கூடுவோம்.

பாட்டெழுதுகிறவர் கருத்தைச் சொல்கிறார், பாடுகிறவர் உணர்ச்சியைத் தருகிறார், என்ஜினியர் சத்தத்தைச் சரிபார்க்கிறார் என்றுதான் பொதுவாக நினைக்கிறார்கள். காதல் பாட்டுக்கு அது பொருந்தலாம். ஒரு கொலையைப் பற்றிப் பலர் சேர்ந்து செய்கிற ஆல்பத்துக்குப் பொருந்தாது. எந்தப் பாட்டுக்குப் பிறகு எது வருகிறது, யாருடைய குரல் முன்னால் நிற்கிறது, இரண்டு பாட்டுக்கு நடுவே எத்தனை நொடி இடைவெளி விடுகிறோம் என்பதெல்லாம் கொலையைப் பற்றிய தீர்ப்புகள்தான். அந்தத் தீர்ப்புகள் என் மேசையில் எழுதப்பட்டன. நான் நடுநிலை, எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒதுங்க வழியில்லை.

தொடங்கும்போதே ஒரு விதி வைத்துக்கொண்டோம்: ஒருவர் எழுதிய வரியில் இன்னொருவர் கை வைக்கக்கூடாது. அதனால் பாட்டுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. பாடலாசிரியர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர். அவருக்கு வாஞ்சி தியாகி; சின்ன வயதிலிருந்து வீட்டில் அப்படித்தான் கேட்டு வளர்ந்தார். உறுமி வாசிக்கும் தம்பிக்கு அப்படி இல்லை. வாஞ்சியின் சட்டைப்பையில் கிடைத்த கடிதத்தை முதல் தடவை முழுதாகப் படித்த இரவில் அவன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, இதுக்கு நான் தாளம் போடணுமா?" என்று கேட்டான்.

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. மாட்டிறைச்சி தின்னும் மிலேச்சன் ஒருவனுக்கு இந்த நாட்டில் முடிசூட்டுவதா என்று அந்தக் கடிதம் கொதிக்கிறது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு லண்டனில் முடிசூட்டு விழா நடக்க அப்போது ஐந்து நாள்தான் இருந்தது. மன்னர் இந்த மண்ணில் கால் வைத்ததும் கொல்வதற்கு 3000 மதராசிகள் சபதம் எடுத்திருப்பதாகவும், அவர்களில் கடையேனாகிய தான் இதைச் செய்ததாகவும் வாஞ்சி எழுதியிருந்தார். அந்நிய ஆட்சி மேல் உள்ள கோபமும் சனாதன தர்மத்தைக் காக்கிற ஆவேசமும் அதில் ஒரே மூச்சில் வருகின்றன. இதை எடுத்துக்கொண்டு அதை விட முடியாது. மேடையிலும் பாடப் புத்தகத்திலும் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் முதல் பாதி மட்டும். அந்தக் கடிதத்துக்கு எரிச்சலடைகிற தரப்போ இரண்டாம் பாதியை மட்டும் வெட்டி எடுத்துச் சுற்றுக்கு விடுகிறது.

எனக்கு அந்தக் கடிதத்தில் உறைத்தது வேறு. அதில் கப்பல் இல்லை. தூத்துக்குடி நூற்பாலையான கோரல் மில் இல்லை. வ.உ.சி.யின் பெயரும் இல்லை. ஆனால் அவை இல்லாமல் ஆஷின் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது. 1906இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு வாங்கினார்கள். மார்ச்சில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதும் திருநெல்வேலி பற்றி எரிந்தது. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். அப்போது தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்தவர் ஆஷ். வ.உ.சி. சிறைக்குள் இருந்தபோதே கப்பல் கம்பெனி கலைந்துபோனது. மணியாச்சியில் வெடித்தது இந்த மூன்று ஆண்டுக் கணக்கு. கடிதம் அந்தக் கணக்கைச் சொல்லவில்லை என்றால் ஆல்பம்தான் சொல்ல வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். எட்டில் மூன்று பாட்டுகள் தூத்துக்குடிக்குப் போனது அப்படித்தான்.

துப்பாக்கிச் சத்தத்தைப் பற்றியும் நீண்ட பேச்சு நடந்தது. எங்கள் கூட்டத்தில் ஆண்கள் எல்லோரும் தேசிய சேவை என்கிற கட்டாய ராணுவப் பணியை முடித்தவர்கள். சார் 21 துப்பாக்கியைத் தோளில் வைத்துச் சுட்டுப் பழகியவர்களுக்கு, சினிமாவில் வருகிற கனமான, எதிரொலிக்கும் 'டுமீல்' பொய் என்று தெரியும். பக்கத்திலிருந்து கேட்கிற வேட்டு வறண்ட சத்தம். ஒரு கணம் காதை அறைந்துவிட்டுப் போய்விடும், அதில் இசையே கிடையாது. சிலர் அதையே அப்படியே வைக்கலாம் என்றார்கள். நான் மறுத்தேன். சத்தத்தை எவ்வளவு உண்மையாகச் செய்தாலும், அந்த ஒரு நொடிக்காகவே ஆல்பம் முழுதும் காத்திருந்த மாதிரி ஆகிவிடும். கேட்பவர் மனம் சுட்டவன் கையோடு போய் நின்றுகொள்ளும். கடைசியில் அந்த இடத்தில் துப்பாக்கி இல்லை. ஏழாவது பாட்டில் வயலின் ஒரு சுரத்தில் நிற்கும்போதே பாடுகிறவர் "வண்டி இன்னும் வரல்லியா" என்று கேட்கிறார், பாட்டு மேலே நகர்ந்துவிடுகிறது. சுட்டாகிவிட்டது என்பது அடுத்த வரியில்தான் தெரியவரும்.

ரயில் சத்தத்துக்கு நான் எடுத்துக்கொண்ட பாடு கொஞ்சமல்ல. விலைக்குக் கிடைக்கும் ஒலித் தொகுப்புகளில் அமெரிக்க ரயிலும் ஆங்கிலேய ரயிலும்தான் நிறைய. தென்னிந்திய ரயில்வேயின் அந்தப் பாதை மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் அகலம்தான். தண்டவாள இணைப்புகளின் மேல் சக்கரம் ஏறி இறங்குகிற 'டடக் டடக்' அகலப்பாதையில் கேட்கிற மாதிரி இருக்காது. வண்டியும் லேசு, ஆட்டமும் அதிகம். அப்போதுதான் உறுமித் தம்பியின் மாமா ஒருவர் நினைவுக்கு வந்தார். தஞ்சோங் பகார் ஸ்டேஷனிலிருந்து மலாயா ரயில் 2011 ஜூன் 30 அன்று கடைசியாகப் புறப்பட்டதல்லவா, அதற்கு முந்தைய நாட்களில் ஜொகூர் பாருவுக்குப் போய்வந்து கைப்பேசியிலும் ஒரு சின்ன ரெக்கார்டரிலும் அவர் ஒலியைப் பிடித்து வைத்திருந்தார். அதுவும் மீட்டர் கேஜ்தான். டீசல் என்ஜின் உறுமலை வடிகட்டிவிட்டு, புக்கிட் தீமா இரும்புப் பாலத்தின் மேல் வண்டி போகிற பகுதியை மட்டும் எடுத்தேன். பாலத்தில் சக்கரச் சத்தம் அடியில் வெறுமையோடு கேட்கும். ஐந்தாவது பாட்டு முழுவதும் அந்தச் சக்கரத்தின் மேல்தான் ஓடுகிறது. உறுமி அதற்கு அரை மாத்திரை பின்னால் வருகிறது. தம்பி தாளம் போட ஒத்துக்கொண்டது அந்தப் பாட்டுக்குத்தான்.

சிங்கப்பூரில் உட்கார்ந்து இதை ஏன் செய்கிறீர்கள் என்று பலர் கேட்டார்கள். தேக்காவில் டீக்கடையில் கேட்டார்கள், மானியம் பற்றிப் பேசப் போன இடத்திலும் கேட்டார்கள். பதில் எங்களுக்குள்ளேயே இருந்தது. ஆல்பத்தில் கப்பல் பாட்டுக்கு முன்னால் வருகிற பேச்சுக் குரல் எழுபது வயது தாண்டிய ஒரு பாட்டியுடையது. சிறு பிள்ளையாக நாகப்பட்டினத்தில் ஏறி, பினாங்கு வழியாக இங்கே வந்தவர். எந்தக் கப்பல் பாட்டி என்று கேட்டோம். "ரஜூலாதான்யா, வேற என்ன இருந்துச்சு?" என்றார். ரஜூலா 1926இல் கட்டிய கப்பல். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்குச் சொந்தம். சுதேசிக் கப்பலை முடக்க கொழும்புக் கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டது அதே கம்பெனி. வ.உ.சி. யாரை எதிர்த்துக் கப்பல் விட்டாரோ அவர்களுடைய டெக்கில் படுத்துத்தான் இங்குள்ள எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. பாட்டியிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்தக் கப்பலில் கொடுத்த சோற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அதையும் அப்படியே பதிவு செய்திருக்கிறேன், வெட்டவில்லை. அவர் பேச்சில் ஸ்டுடியோவின் குளிர்சாதன இரைச்சல் கேட்கும். அதைத் துடைத்தால் குரலின் கரகரப்பும் போகும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு பாட்டை மட்டும் கைவிட்டோம். பிரசவ வலியில் துடித்த ஒரு தாழ்த்தப்பட்ட பெண்ணை ஆஷ் அக்கிரகாரத்து வழியாகத் தன் வண்டியில் கொண்டுபோனார், அதற்காகவே கொல்லப்பட்டார் என்று ஒரு கதை பரவலாக உலவுகிறது. ராப் பாடும் தங்கை அதை வைத்து மிக வலுவாக எழுதியிருந்தாள். ஆனால் அதற்கு அந்தக் காலத்து ஆவணம் ஒன்றும் எங்கள் கைக்கு எட்டவில்லை. ஆதாரமில்லாத ஒன்றைப் பாட்டாக்கி விட்டால், கடிதத்தில் வாஞ்சியே தன் கையால் எழுதிய சாதிப் பெருமையைப் பற்றிப் பேசும்போதும் நம் பேச்சு எடுபடாது என்று அவளிடம் சொன்னேன். அவள் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு கடிதத்துக்கு நேர் பதிலாக ஒரு பாட்டை எழுதிக்கொண்டு வந்தாள். நீ சொன்ன தர்மத்தில் என் ஆத்தாவுக்கு எந்தத் தெருவில் நடக்க இடம் என்று கேட்கிற பாட்டு. ஆல்பத்தில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

வரிசை போடும் வேலை அப்போதுதான் உண்மையில் தொடங்கியது. இன்று யாரும் ஆல்பத்தை முதலிலிருந்து கேட்பதில்லை. பட்டியலில் ஒன்றைத் தட்டுகிறார்கள். அதிலும் பதினைந்து நொடியை வெட்டி வீடியோவுக்குப் பின்னால் போடுகிறார்கள். கடிதத்தைப் பாடலாசிரியர் படித்த விதம் அபாரம். வடமொழி கலந்த அந்தப் பழைய மணிப்பிரவாள நடையை ஒரு இடத்திலும் தடுக்காமல், நெஞ்சிலிருந்து படித்தார். தனி டிராக்காக விட்டால் அது மட்டும் தனியே ஊர் சுற்றும் என்பது எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அதனால் கடிதத்தையும் தங்கையின் பதில் பாட்டையும் ஒரே டிராக்காகச் சேர்த்துவிட்டேன். நடுவில் இடைவெளி இல்லை. "கடையேனாகிய நான்" என்று அவர் சொல்லும்போதே அவள் மூச்சிழுக்கிற சத்தம் கேட்கும். இரண்டு குரலும் ஒரே அளவு. ஒருவருக்கு எதிரொலி கூட்டி ஒருவரை வறட்சியாக விடவில்லை. வெட்ட நினைப்பவர்கள் வெட்டத்தான் செய்வார்கள். ஆனால் வெட்டுவதற்கு அவள் மூச்சையும் சேர்த்து வெட்ட வேண்டும்.

பாடலாசிரியர் இதற்கு உடனே சம்மதிக்கவில்லை. "தியாகியைக் கூண்டுல ஏத்திட்டீங்களே தம்பி" என்று வருத்தப்பட்டார். வாஞ்சிக்கு வயது இருபத்தைந்து என்பதையும், அவர் புனலூரில் காட்டிலாகாவில் வேலை பார்த்த சாதாரண ஆள் என்பதையும், அந்தப் பிளாட்பாரத்துக் கழிப்பறையில் அவருக்கு யாரும் துணையில்லை என்பதையும் ஏழாவது பாட்டு முழுசாகச் சொல்கிறதே ஐயா, அதில் நான் ஒரு இழையையும் குறைக்கவில்லையே என்றேன். ஹெட்போனை வாங்கி இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டார். அவர் கேட்டுக்கொண்ட ஒரே மாற்றம், பதில் பாட்டின் கடைசிச் சொல் முழுதாக அடங்கிய பிறகே அடுத்தது தொடங்க வேண்டும் என்பது. நான் அங்கே இரண்டு நொடிதான் விட்டிருந்தேன். அவர் ஐந்து கேட்டார், ஐந்து கொடுத்தேன்.

முதல் பாட்டு எது என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் ஒப்புதல் இல்லை. வயலின் அக்காவும் பாடலாசிரியரும் கப்பலில் தொடங்க வேண்டும் என்கிறார்கள். கடல் நம்மையும் தூத்துக்குடியையும் சேர்க்கிறது என்பது அவர்கள் வாதம். தம்பியும் தங்கையும் நானும் கோரல் மில் பக்கம். அந்த வேலைநிறுத்தத்தில் தொழிலாளிகள் யாரையும் கொல்லாமல் ஜெயித்தார்கள். கேட்பவர் காதில் முதலில் விழ வேண்டியது அந்தச் சங்கதி என்று நினைக்கிறேன். ஆறாவது ஆள், புல்லாங்குழல்காரர், இரண்டும் சரி என்கிறார். இப்போது வெளியே இருக்கிற பதிப்பு கப்பலில் தொடங்குகிறது. மேடையில் வாசிக்கும்போது மில்லில் தொடங்குவோம் என்று பேசி வைத்திருக்கிறோம், அதற்கு உறுமியின் வரவை மாற்றி எழுத வேண்டியிருக்கிறது.