எச்சில் கை

காலை எட்டேகாலுக்கு நான் அழகு சிகிச்சை கிளினிக்கின் கதவைத் திறக்கும்போது சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் ரோட்டில் பெரிய கடைகள் எதுவும் திறந்திருக்காது. விளக்கைப் போட்டுவிட்டு நேராகப் பின்னறைக்குப் போவேன். கருவிகளை நீராவியால் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவ் எந்திரத்தில் காய்ச்சி வடித்த நீர் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உள்ளே வேறு எதையும் வைக்காமல் போவி-டிக் சோதனைப் பொட்டலத்தை மட்டும் வைத்து ஓடவிடுவேன். 134 டிகிரி, மூன்றரை நிமிடம். உள்ளே இருக்கிற காற்றை எந்திரம் முழுக்க உறிஞ்சி வெளியேற்றினால்தான் நீராவி எல்லா மூலைக்கும் போய்ச்சேரும். பொட்டலத்துக்குள் இருக்கும் தாள் ஓரத்திலிருந்து நடுவரை ஒரே மாதிரி நிறம் மாறியிருந்தால் அன்றைய வேலையைத் தொடங்கலாம். நடுவில் மட்டும் நிறம் மாறாத திட்டு தெரிந்தால் எங்கோ காற்று தங்கிவிட்டது என்று பொருள். அன்று அந்த எந்திரத்தைத் தொடமாட்டோம்.

வரவேற்பறையில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. அங்கே வெள்ளை ஆர்க்கிட் பூ, எலுமிச்சைப்புல் வாசனை, மெல்லிய இசை. கால் வைத்தவுடன் "எவ்வளவு சுத்தமா இருக்கு!" என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் மனத்துக்குள் ஒரு சின்ன உறுத்தல். தரை பளபளப்பதற்கும் ஊசி போகும் இடம் சுத்தமாக இருப்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நான் தாதியாக வேலைக்குச் சேர்ந்தது 2001இல், அரசாங்க மருத்துவமனை ஒன்றின் வார்டில். இரண்டே வருடத்தில் சார்ஸ் வந்தது. சிங்கப்பூரில் 238 பேருக்குத் தொற்று, 33 பேர் இறந்தார்கள். தொற்றியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பேர் எங்களைப்போல மருத்துவத் துறையில் வேலை செய்தவர்கள். அந்த மாதங்களில் கை சுத்தம் செய்யாமல் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு யாரும் போனதில்லை. யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, பயமே சொல்லிக்கொடுத்தது.

பத்து வருடம் கழித்து அழகு சிகிச்சைக்கு மாறினேன். இங்கே இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, சீழ் வாடை இல்லை. வருகிறவர்கள் அலுவலக உடையில், மணக்க மணக்க, மதிய உணவு இடைவேளையில் வந்து சுருக்கம் போக்கும் போடாக்ஸ் ஊசி போட்டுக்கொண்டு போவார்கள். பயம் போனதும் பழக்கமும் மெல்லத் தளர்ந்தது. மற்றவர்களைச் சொல்லவில்லை, என்னுடைய பழக்கத்தைத்தான் சொல்கிறேன்.

அப்போது நான் வேறொரு கிளினிக்கில் இருந்தேன். ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா கன்னக் குழியை நிரப்பும் ஃபில்லர் ஊசி போட்டுக்கொள்ள வந்தார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஃபில்லரும் போடாக்ஸும் இங்கே மருத்துவர் மட்டுமே போடவேண்டும். டாக்டர் போட்டார், நான் பக்கத்தில் நின்றேன். எல்லாம் நல்லபடியாக முடிந்து சந்தோஷமாகப் போனார். ஐந்து வாரம் கழித்துத் திரும்பி வந்தார். இடது கன்னத்தில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி, தொட்டால் வலி, மேலே தோல் ஊதாவாகச் சிவந்திருந்தது. வழக்கமான ஆன்டிபயாட்டிக்குக்கு அது அசையவில்லை. சீழை எடுத்து வழக்கமான பரிசோதனைக்கு அனுப்பியதில் எதுவும் வளரவில்லை. டாக்டர் விடாமல் இரண்டாவது மாதிரியை மைக்கோபாக்டீரியத்துக்கென்றே தனியாகச் சோதிக்கச் சொன்னார். வந்த பதில் மைக்கோபாக்டீரியம் அப்செஸஸ்.

காசநோய்க் கிருமியின் பரந்த குடும்பத்தைச் சேர்ந்தது இது. மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் வாழும், குளோரினுக்கு எளிதில் சாகாது. நம் ஊர்க் குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், குடிப்பதில் ஒன்றும் இல்லை. ஆனால் ஊசி போட்ட துளை வழியாக அதே தண்ணீரில் ஒரு சொட்டு தோலுக்கு அடியில் போனால் கதை வேறு. பல வாரம் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகுதான் தலைகாட்டும். தலைகாட்டினால் பல மாத மருந்து.

டாக்டர் எதையும் மறைக்காமல் அவரிடம் சொன்னார். அந்த அம்மா கத்தவில்லை. என்னைப் பார்த்து, "ஏம்மா, நான் நோயோடயா உங்ககிட்ட வந்தேன்?" என்று மட்டும் கேட்டார்.

மருத்துவமனையில் ஒருவருக்குத் தொற்று வந்தால் அவர் ஏற்கெனவே பலவீனமாக இருந்தார், வயதாகிவிட்டது, குழாய் செருகியிருந்தது என்று ஆயிரம் காரணம் இருக்கும். இங்கே அப்படி எதுவும் கிடையாது. நல்ல உடம்போடு, தன் காசைக் கொடுத்து, நம்மை நம்பிப் படுக்கிறார். அவருக்கு ஏதாவது ஒட்டிக்கொண்டால் அதில் பெரும்பங்கு நாம் கொடுத்தது. எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இதை இப்படிச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து, எங்கள் கிளினிக்கில் நோயாளியின் தோலில் படும் தண்ணீர் எங்கெங்கே இருக்கிறது என்று எழுதினோம். மேக்கப் துடைக்கும் பஞ்சை நனைக்கும் கிண்ணம். சலைன் தீர்ந்துவிட்டால் குழாயடியில் பஞ்சை நனைத்துக்கொள்ளும் அவசரம். கடைசியாக ஐஸ். ஊசிக்கு முன்னால் வலி தெரியாமலிருக்க, கையுறையில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, முடிச்சுப் போட்டு, உறையவைத்துக் கன்னத்தில் வைப்போம். முடிச்சு வழியாக உருகிக் கசியும். கிருமிநாசினி தடவிய இடத்தின்மேல் அந்தத் தண்ணீர் வழியும், டிஷ்யூவால் ஒற்றிவிட்டு ஊசி போடுவோம். வருடக்கணக்கில் இதைச் செய்தவள் நான். ஒரு தடவையாவது இதைப் பற்றி யோசித்தேனா? இல்லை. அந்த அம்மாவின் கன்னத்துக்குக் கிருமி ஐஸிலிருந்துதான் வந்தது என்று கடைசிவரை நிரூபணமாகவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து மூடி முத்திரையிட்ட குளிர்ப்பொதியை கிருமிநீக்கிய உறைக்குள் போட்டுத்தான் வைத்தோம். அதை எடுத்த பிறகு அந்த இடத்தில் மறுபடியும் கிருமிநாசினி தடவி, முழுக்கக் காயும்வரை காத்திருந்தோம். கண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கிடையாது. விழியில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

இப்போதைய இடத்துக்கு வந்த பிறகு மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வரும் ஒரு பெண் என்னிடம் பயிற்சிக்குச் சேர்ந்தாள். விடியற்காலை நான்கரைக்கு எழுந்து, சோதனைச்சாவடி வரிசையில் நின்று, எட்டரைக்கு எனக்கு முன்னால் சிரித்த முகத்தோடு நிற்பாள். கெட்டிக்காரி. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் கை சுத்தத்தின் ஐந்து தருணங்களும் அவளுக்கு மனப்பாடம். ஆல்கஹால் கலந்த ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி என்று கேட்கும் முன்பே சொல்வாள். ஆனால் வேலை நடுவில் ரத்தம் கசிந்த கன்னத்தை அழுத்திப் பிடித்த அதே கையுறையோடு, இன்னொரு காஸ் துணி எடுக்க இழுப்பறையைத் திறந்தாள்.

நோயாளி போனபிறகு கூப்பிட்டுக் கேட்டேன். "வீட்டில சோறு பிசைஞ்சு சாப்பிட்டுக்கிட்டிருக்க. இன்னும் கொஞ்சம் குழம்பு வேணும். எந்தக் கையால கரண்டிய எடுப்ப?"

"இடது கையாலதான்க்கா. சோத்துக்கை எச்சில் கையாச்சே."

"அந்தம்மா முகத்தைத் தொட்ட கையுறை?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அவள் பார்வை இழுப்பறையின் கைப்பிடிக்குப் போனது. அங்கிருந்து விளக்கின் பிடிக்கு, ஜெல் பாட்டிலுக்கு, டாக்டர் உட்காரும் ஸ்டூலின் நெம்புகோலுக்கு. எங்கெங்கே தொட்டாள் என்பது அவளுக்கே ஒவ்வொன்றாக ஞாபகம் வந்துகொண்டிருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. தானே துடைதாளை எடுத்துக்கொண்டு, போன வழியெல்லாம் திரும்பிப் போனாள்.

தீட்டு என்ற சொல்லை நான் எடுப்பதே இல்லை. அது மனிதரை ஒதுக்கிவைத்த சொல், ஒரு கிளினிக்குக்குள் அதற்கு வேலை இல்லை. எச்சில் வேறு. பிள்ளை மிச்சம் வைத்த தட்டில் அம்மா அருவருப்பில்லாமல் சாப்பிடுவாள், ஆனால் அந்தத் தட்டில் விருந்தாளிக்குப் பரிமாறமாட்டாள். ஒருவருடையது இன்னொருவருக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான். நமக்குச் சின்ன வயதிலேயே கையில் ஏறிய கணக்கு இது. கையுறை போட்டவுடன் ஏனோ அதை மறந்துவிடுகிறோம். கையுறை நம் கையைக் காப்பாற்றுகிறது என்ற நினைப்பிலேயே உலகத்தையெல்லாம் தொட்டுவிடுகிறோம்.

கருவி தோலில் வழுக்கிப் போகத் தடவும் ஜெல்லுக்கும் வீட்டுக் கணக்கையே சொல்லிக்கொடுத்தேன். பெரிய கேனிலிருந்து சின்ன பாட்டிலில் ஊற்றி, தீரத் தீர அதன் மேலேயே நிரப்புவது பல இடங்களில் வழக்கம். ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக்கரண்டியை விட எந்த அம்மாவாவது சம்மதிப்பாரா? வெளிநாட்டு மருத்துவமனைகளில் ஸ்கேன் ஜெல் வழியாகவே பர்கோல்டேரியா என்ற கிருமி பரவியிருக்கிறது. தோலைத் துளைக்கும் வேலை எதற்கும் எங்களிடம் இப்போது ஒரு தடவைக்கான முத்திரையிட்ட பொட்டலம்தான்.

கருவிகளைக் கழுவுவதிலும் அப்படியே. கரும்புள்ளி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டரில் ரத்தம் காய்ந்திருந்தால் புதிதாக வருகிறவர்களின் கை தானாக வெந்நீர்க் குழாய்க்குப் போகும். முட்டை ஒட்டிய வாணலியில் வெந்நீரை ஊற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெந்து இன்னும் இறுகப் பிடித்துக்கொள்ளும். ரத்தமும் புரதம்தான். முதலில் குளிர்ந்த நீர், பிறகு என்சைம் கலவை, பிறகு பிரஷ், பிறகு அல்ட்ராசோனிக் தொட்டி. அழுக்கு ஒட்டியிருக்கும் கருவியை 134 டிகிரியில் வைத்தாலும் அந்த அழுக்குக்கு அடியில் இருப்பதற்கு நீராவி போய்ச்சேராது. பொட்டலத்தின் மேல் ஒட்டும் டேப்பில் கறுப்புக் கோடு வந்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்தக் கோடு, பொட்டலம் சூட்டுக்குள் போய்வந்தது என்று மட்டுமே சொல்லும். உள்ளே வைத்த இண்டிகேட்டரையும், கிருமி வித்துகளை வைத்துச் செய்யும் சோதனையையும் பார்க்காமல் நான் நம்புவதில்லை.

நேரம்தான் எங்கள் எதிரி. முன்பு வேலை செய்த ஓரிடத்தில் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே 5 நிமிடம்தான் கொடுப்பார்கள். கிருமிநாசினித் துடைதாளின் டப்பாவிலேயே எத்தனை நிமிடம் ஈரமாக இருக்கவேண்டும் என்று எழுதியிருக்கும். நாங்கள் துடைத்த கையோடு டிஷ்யூவால் உலர்த்திவிட்டு அடுத்தவரைப் படுக்கவைப்போம். ஹெப்படைடிஸ் பி வைரஸ் காய்ந்த பரப்பில் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். அந்தக் கட்டிலின் தலைமாட்டை நினைத்தால் இப்போதும் மனம் சங்கடப்படுகிறது. அந்த வேலையை விட்டதற்கு வேறு காரணங்களைச் சொல்லிவிட்டு வந்தேன். உண்மைக் காரணம் அந்த 5 நிமிடம்.

டாக்டரிடம் "கை" என்று சொல்ல எனக்கு நெடுநாள் வாய் வரவில்லை. இப்போதுள்ள டாக்டரோடு முதல் வாரமே பேசிவிட்டேன்: நீங்கள் மறந்தால் நான் ஒன்றும் பேசமாட்டேன், ஹேண்ட் ரப் பாட்டிலை மட்டும் முன்னால் நீட்டுவேன். அவர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை நீட்டுகிறேன், இரண்டு கையையும் விரிக்கிறார், வேலை தொடர்கிறது. சொல்கிறவளைவிட கேட்டுக்கொள்கிறவருக்கு மனது பெரிதாக இருக்கவேண்டும்.

நோயாளிகள் சிக்கனமாகவும் கேட்பார்கள். தோலில் நுண்துளை போடும் மைக்ரோநீடிலிங் ஊசித்தலை ஒன்றுக்கு எவ்வளவு வெள்ளி என்று விசாரித்துவிட்டு, "எனக்கு மட்டும்தானே, கழுவி எடுத்து வைங்க, அடுத்த மாசத்துக்கு ஆகும்ல" என்று. ஆகாது என்று அன்போடு சொல்லிவிடுவேன். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில் சொந்த ரத்தத்தை வைத்துச் செய்யும் முகச் சிகிச்சைக்குப் போன பெண்களுக்கு எச்ஐவி தொற்றியது. 2018இல் தொடங்கிய விசாரணை, 2024இல் அறிக்கையாக வந்தது. அழகு சிகிச்சை ஊசி வழியாக எச்ஐவி பரவியதாக ஆவணமான முதல் நிகழ்வு அது. அந்த அறிக்கையை அச்செடுத்துப் பின்னறையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

நாங்கள் துடைக்கும் பொருள்களின் பட்டியலில் வெகுநாள் விட்டுப்போன பொருள் ஒன்று உண்டு: கைக்கண்ணாடி. ஒவ்வொருவர் கையிலும் அதைக் கொடுத்து, எந்தச் சுருக்கம், எந்தக் குழி என்று காட்டச்சொல்வோம். ஊசி போட்டு முடித்ததும் மறுபடி அதே கண்ணாடி. துளிர்த்த ரத்தத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அதே விரலால் பிடியைப் பிடிப்பார்கள். கட்டிலைத் துடைப்போம், விளக்கைத் துடைப்போம், கண்ணாடியின் முகத்தைப் பளபளவென்று துடைப்போம். அதன் பிடியைத் துடைத்ததில்லை. கண்டுபிடித்தது நானல்ல, ஜொகூர்ப் பெண்.

கன்னத்தில் கட்டி வந்த அந்த அம்மா, பல மாத மருந்து முடிந்து, மகள் கல்யாணமும் முடிந்து, நான் இங்கே மாறிவந்ததை யாரிடமோ கேட்டுக்கொண்டு போன வருடம் வந்தார். சிகிச்சைக்கு இல்லை, தழும்பை டாக்டரிடம் காட்ட. கன்னத்தில் சின்னதாக ஒரு பள்ளம், வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் தெரியும். டாக்டர் வருவதற்குள் கண்ணாடி கேட்டார். நான் அதை எடுத்து, முகம், முதுகு, பிடி மூன்றையும் அவர் முன்னாலேயே துடைத்துவிட்டு, ஈரம் காயட்டும் என்று தட்டில் வைத்தேன். இரண்டு நிமிடம். அவர் கைநீட்டவில்லை. கடிகாரத்தையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, மடியில் கைகளை வைத்தபடி என்னோடு சேர்ந்து காத்திருந்தார்.