காரீயத்தின் மயில்கழுத்து நிறம்

தேவனாம்பட்டினத்தில் வீச்சு வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பது எங்கள் வீட்டு வேலை. நேற்று பழைய ஈயக்குழாய்த் துண்டுகளை இரும்புச் சட்டியில் போட்டு உருக்கினேன். 327 டிகிரி செல்சியசுக்கு மேல் ஈயம் இளகிவிடும். மேலே படிந்த ஏட்டை வழித்ததும் கண்ணாடி மாதிரி வெள்ளி நிறம். சூடு ஏற ஏற வைக்கோல் மஞ்சள் படர்ந்தது, பிறகு ஊதா, அப்புறம் மயில்கழுத்து நீலம். கரண்டியால் விலக்கினால் மறுபடி வெள்ளி, மறுபடி மஞ்சள். சாயம் எதுவுமில்லை, காற்றுப்பட்டுப் படியும் ஆக்சைடு ஏடு தடிக்கத் தடிக்க, பட்டுத் திரும்பும் ஒளி நிறம் மாறுகிறது.

"நீலம் கண்டா அடுப்பைத் தணிடா, சூடு மிஞ்சிடுச்சு" என்பார் அப்பா. ஈயப்புகை விஷம்; பிள்ளைகளைக் கிட்டே விடமாட்டேன். ஆறிய குண்டு ஒன்றை மட்டும் தூரத்தில் வைத்துக் காட்டினேன். ஓரத்தில் ஊதா அப்படியே ஒட்டியிருந்தது.