சாக்ஸ்லெட்டில் மண்: ரெக்கவரி எங்கே குறைகிறது?

மண்ணிலிருந்து பிஏஎச் (பல வளைய ஹைட்ரோகார்பன்கள்), பிசிபி (குளோரின் ஏறிய பைஃபினைல்கள்), ஆர்கனோகுளோரின் பூச்சிக்கொல்லிகளைப் பிரித்தெடுத்து ரெக்கவரி (இருந்ததில் திரும்பக் கிடைக்கும் பங்கு) குறைவாக வந்தால் முதலில் சாக்ஸ்லெட்டை, அதாவது கொதிக்கும் கரைப்பானைக் குளிர்வித்து மீண்டும் மீண்டும் மண் வழியே ஓடவிடும் கண்ணாடிக் கருவியைத்தான் சந்தேகிப்போம். பெரும்பாலும் கோளாறு அதற்கு முன்போ பின்போ நடந்திருக்கும்.

முதல் எதிரி ஈரம். ஈர மண்துகளைச் சுற்றியுள்ள நீர்ப்படலத்தைத் தாண்டி ஹெக்சேன் உள்ளே போகாது. அதற்காக மண்ணை அடுப்பில் உலர்த்தினால் நாப்தலீன் காற்றோடு போய்விடும். 10 கிராம் மண்ணோடு அதே அளவு நீரற்ற சோடியம் சல்பேட்டைக் கலந்து, கட்டியில்லாமல் மணல் போல உதிரும்வரை கிளறுங்கள். களிமண்ணுக்குக் கூடுதலாகவே தேவைப்படும். சல்பேட்டை முன்பே 400 டிகிரி செல்சியஸில் 4 மணி நேரம் சுட்டிருக்க வேண்டும். இல்லையேல் பிளாங்க்கில் (மண் இல்லாமல் ஓட்டும் வெற்றுச் சோதனையில்) பிளாஸ்டிக்கிலிருந்து வரும் தாலேட் மாசின் பீக்குகள் எட்டிப்பார்க்கும். ஈரப்பதத்தைக் கணக்கிட வேறொரு பகுதியை 105 டிகிரியில் உலர்த்துங்கள்.

சர்ரோகேட்டை (ரெக்கவரியை அளக்க, தெரிந்த அளவில் சேர்க்கும் சேர்மத்தை) திம்பிளில், அதாவது மண்ணை வைக்கும் வடிதாள் குழலில், உள்ள மண்ணிலேயே விட வேண்டும். எக்ஸ்ட்ராக்ட்டில் (பிரித்தெடுத்த கரைசலில்) விட்டால் அது பிரித்தெடுத்தலைப் பற்றி எதுவும் சொல்லாது.

கரைப்பான் 300 மில்லி, அசிட்டோனும் ஹெக்சேனும் சரிபாதி. மிச்ச ஈரத்தை ஊடுருவிப் போவது அசிட்டோனின் வேலை. மணிக்கு 4 முதல் 6 சுற்று, 16 முதல் 24 மணி நேரம். மண்ணின் மட்டம், நிரம்பிய கரைப்பானைக் குடுவைக்கு வடிக்கும் சைபன் குழாயின் வளைவுக்குக் கீழேயும் திம்பிளின் விளிம்பு அதற்கு மேலேயும் இருக்கட்டும். விளிம்பு தாழ்ந்தால் நுண்துகள் வழிந்து குடுவைக்குள் இறங்கும்.

அடுத்தது செறிவாக்கல். அவசரக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது! ரோட்டரி எவாப்பரேட்டரின் நீர்த்தொட்டி 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம். கடைசியில் 1 மில்லியாகக் குறைக்க மெல்லிய நைட்ரஜன் ஓட்டம் போதும். கரைப்பானின் மேற்பரப்பு லேசாகக் குழிந்தால் சரி, தெறித்தால் அதிகம். ஒருபோதும் வற்றவிடாதீர்கள். சிலிக்கா ஜெல்லுக்குப் போகுமுன் ஹெக்சேன் சேர்த்துச் சேர்த்து அசிட்டோனை முழுக்க விரட்டுங்கள். அது மிஞ்சினால் சிலிக்கா பிடித்துவைக்க வேண்டிய அழுக்கும் சேர்ந்தே இறங்கிவிடும்.

வண்டல் மண்ணில் தனிமக் கந்தகம் இருந்தால் ஈசிடியில் (குளோரின் சேர்மங்களை அளக்கும் எலக்ட்ரான் பிடிப்புக் கண்டறிகருவியில்) பெரிய பீக்காக வந்து பக்கத்துப் பீக்குகளை விழுங்கும். அமிலத்தில் கழுவிய பளபளப்பான செம்புத் தூளைப் போட்டுக் குலுக்குங்கள். கறுத்தால் வடித்துவிட்டுப் புதுத் தூள். புதுத் தூள் கறுக்காத நிலை வந்ததும் நிறுத்தலாம்.

நாப்தலீன்-டி8, டெர்ஃபினைல்-டி14 (ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் கொண்டவை) இரண்டையும் சர்ரோகேட்டாகப் போட்டால் குற்றவாளி சீக்கிரம் சிக்கும். நாப்தலீன் மட்டும் குறைந்தால் ஆவியாகிப் போயிருக்கிறது. இரண்டும் சேர்ந்து குறைந்தால் ஈரத்தையும் சைபன் சுற்றையும் பாருங்கள்.