8 கோரில் 3 மட்டும் கொதித்த கதை

ஒரே ஒரு ஃப்ளாக்கை (புரோகிராமைத் தொடக்கும்போது கொடுக்கும் அமைப்பை) மாற்ற வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு 100ஆம் இலக்க பஸ்ஸில் இரண்டு தரம் அலைந்தேன். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

எர்லாங் என்ற புரோகிராமிங் மொழியில் எழுதிய எங்கள் செயலிக்கு '+எஸ்பிடி டிபி' (+sbt db) என்ற ஃப்ளாக்கைப் போட்டது நான்தான். எர்லாங்கில் வேலையைப் பங்கிட்டு ஓட்டும் ஷெடியூலர் திரெட் ஒவ்வொன்றையும் ஒரு கோரோடு (சிபியூவுக்குள் இருக்கும் தனித்தனி இயக்கப் பகுதியோடு) கட்டிவிட்டால் லினக்ஸ் அதை அங்குமிங்கும் மாற்றாது, கேஷ் சூடு ஆறாது, அதாவது கோருக்குப் பக்கத்தில் சேர்த்துவைத்த தரவு வீணாகாது. கந்தோர் டெஸ்ட் மெஷினில் உண்மையிலேயே வேகம் கூடியது. வாடிக்கையாளரின் சேர்வரில் ஏற்றி மூன்றாம் நாள் போன்: எல்லாம் இழுபடுகிறதாம்.

சேர்வரைப் பார்க்கிற அண்ணா கிராஃபைப் படம் பிடித்து அனுப்பி, "சிபியூ 40 வீதம்தான் தம்பி, பிழை உங்கட புரோகிராமிலதான்" என்றார். நம்பி இரண்டு இரவு புரோகிராமைக் கிண்டினேன். பிறகுதான் புத்தி வந்தது. "டொப்பைத் திறந்து 1ஐ அமத்துங்கோ அண்ணா" என்றேன். டொப் (top) என்பது சிபியூ சுமையைக் காட்டும் லினக்ஸ் கருவி. கோர் வாரியாக விரிந்தது: 0, 1, 2 மூன்றும் நூறில் நிற்க, மற்ற ஐந்தும் சும்மா கிடக்கின்றன. 40 என்பது எட்டின் சராசரிதான்.

அதே மெஷினில் செய்திகளை வரிசைப்படுத்திக் கடத்தும் ரபிட்எம்கியூ ஓடுவதை மறந்தே போனேன். அதுவும் எர்லாங்தான், நாங்கள் சொல்லாமலே தன் ஷெடியூலர்களை டிபி முறையில் கட்டிக்கொள்ளும். இரண்டு விஎம்மும் (எர்லாங் புரோகிராமை ஓட்டும் மெய்நிகர் இயந்திரமும்) ஒரே ஒழுங்கில் கட்டுவதால், இரண்டின் முதலாம் ஷெடியூலரும் ஒரே கோரில். போதாததற்கு, சுமை குறைவாக இருந்தால் எர்லாங் வேலையை முன்வரிசை ஷெடியூலர்களிலேயே குவிக்கும். கட்டாமல் விட்டிருந்தால் லினக்ஸே ஒன்றைத் தூக்கிச் சும்மா கிடக்கும் கோரில் போட்டிருக்கும். வேறெந்த புரோகிராமும் திரெட்டைக் கட்டாத மெஷினில்தான் இது சரிவரும் என்று எர்லாங் ஆவணமே எச்சரிக்கிறது. வாசித்துவிட்டுத்தான் தாண்டிப் போனேன்.

ஃப்ளாக் மாற விஎம்மை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், அதுவும் கோட்டையில் சேர்வருக்குப் பக்கத்தில் நேரில் நின்றுதான். முதல் தரம் போனால், "போமில மனேஜற்ற சைன் இல்லை, உள்ள விடேலாது." மனேஜர் கண்டியில். திரும்பி வந்தேன். அடுத்த தரம் சைனோடு, இரவு 11 மணிக்கு. வேலை இரண்டு நிமிடம்.

கட்டாமல் விடும் '+எஸ்பிடி யு' (+sbt u) போட்டு ஏற்றிவிட்டு எர்லாங் ஷெல்லில் ஷெடியூலர் பைண்டிங்ஸைக் கேட்டேன். 8 இடத்திலும் 'அன்பவுண்ட்', அதாவது எதுவும் கட்டப்படவில்லை. அப்பாடா! கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் டாஸ்க்செட் (taskset) என்ற லினக்ஸ் கட்டளையால் 0-3 கோர்களை ஒரு விஎம்முக்கும் 4-7ஐ மற்றதுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். டொப் காட்டும் வீதத்தையும் அப்படியே நம்பாதீர்கள். எர்லாங் ஷெடியூலர் வேலையில்லாமலும் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். உண்மைக் கணக்கு எர்லாங்கே தரும் ஷெடியூலர் வோல் டைம் (scheduler_wall_time) அளவில்தான் தெரியும்.

விடிந்ததும் அண்ணாவின் போன்: "இப்ப சிபியூ 55 காட்டுது தம்பி, ராத்திரி என்னத்தைக் குழப்பினீங்கள்?"