அம்மாச்சி பட்டும் டாலி பார்ட்டனும்

போன பொங்கலுக்கு, இங்கே அமெரிக்காவில், மகள் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். என் அம்மாச்சியின் அரக்குப் பட்டை வெட்டி, தேனிப் பக்கம் எங்கள் ஊரான கம்பத்திலிருந்து அம்மா தன் கையால் தைத்து அனுப்பியது. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே அவள் முகம் சரியில்லை. பழைய சேலையில் தைத்தது என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். கூட இருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. மூன்று தலைமுறை உடுத்திய பட்டு அது!

பக்கத்து வீட்டில் எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்த மலைப் பக்கம்தான். விஷயத்தைக் கேட்டதும் மகளைத் தன் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, போனில் ஒரு பாட்டைப் போட்டார். அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டனின் ‘கோட் ஆஃப் மெனி கலர்ஸ்’. துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு அம்மா தைத்துத் தந்த கோட்டை ஒரு சிறுமி ஆசையாகப் போட்டுப் போகிறாள். பள்ளியில் எல்லோரும் சிரிக்கிறார்கள். டாலிக்கு நிஜமாகவே நடந்தது. மகள் அதையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள்.

நாங்கள் இருப்பது டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில். டாலி பிறந்த செவியர் மாவட்டம் பக்கத்திலேயே இருக்கிறது. 1946இல் ஒற்றை அறை மரவீட்டில், பன்னிரண்டு பிள்ளைகளில் நாலாவதாகப் பிறந்தவர். பிரசவம் பார்த்த டாக்டருக்கு அவர் அப்பா கொடுத்த கூலி ஒரு மூட்டை சோளமாவு. எங்கள் பக்கம் மருத்துவச்சிக்கு நெல் அளந்ததைக் கேட்டு வளர்ந்தவள் நான். அமெரிக்காவில் இப்படி ஒரு கதை இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

அந்தப் பாட்டை 1969இல், கச்சேரிக்குப் போகும் பஸ்ஸில் எழுதினாராம். கையில் தாள் இல்லை. சலவைக்கடை ரசீதின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறார். 1971இல் வெளிவந்தது. பள்ளிப் படிப்பு முடிந்த மறுநாளே, பாட்டுக்குப் பேர்போன நாஷ்வில் நகரத்துக்குப் பஸ் ஏறிய பெண் அவர். போர்ட்டர் வாகனர் என்ற பாடகரின் டிவி நிகழ்ச்சியில் ஏழு வருஷம் பாடினார். அதைவிட்டு விலகும்போது விடைபெற எழுதியதுதான் ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’. எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட ஆசைப்பட்டார். அவருடைய மேனேஜரோ பாட்டின் பதிப்புரிமையில் பாதி கேட்டார். டாலி ராத்திரி முழுக்க அழுதாராம், ஆனால் கொடுக்கவில்லை. 1992இல் விட்னி ஹூஸ்டன் பாடி உலகமே கேட்டபோது உரிமை முழுதும் எழுதியவரிடமே இருந்தது. எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இந்த உறுதிதான்.

இந்த ஊர் பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். இங்கே மலையில் படியும் நீலப் பனிமூட்டம் எனக்குப் புதிதும் இல்லை. அப்புறம் அந்தக் கோட்டுப் பாட்டு கேட்கும், நான் கம்பத்தில் இருப்பேன். தீபாவளிக்கு அப்பா ஒரே பீஸிலிருந்து துணி கிழித்து வருவார். அண்ணன்களுக்குச் சட்டை, எனக்குப் பாவாடை, மிச்சத்தில் தலையணை உறை. பேண்டு வாத்தியக் கோஷ்டி மாதிரி வரிசையாகக் கோயிலுக்குப் போவோம். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும்.

டாலியின் அப்பாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அவரை நினைத்துத்தான் 1995இல் சொந்த மாவட்டத்துக் குழந்தைகளுக்கு மாதம் ஒரு புத்தகம் இலவசமாக அனுப்பத் தொடங்கினார் டாலி. இன்று அது பல நாடுகளுக்கும் போகிறது. டென்னசியில் ஐந்து வயதுக்குள் இருக்கும் எந்தக் குழந்தையும் சேரலாம், வருமானம் கேட்பதில்லை. செவியர்வில் நீதிமன்ற வாசலில் மகளுக்குச் சிலை வைத்தபோது, அந்த அப்பா ராத்திரியில் சோப்புத் தண்ணீர் வாளியோடு போய்ப் புறா எச்சத்தைத் தேய்த்துக் கழுவுவாராம். டாலியே பல முறை சொன்னது. என் அப்பாவும் அதைத்தான் செய்திருப்பார்.

சின்னவன் பெயருக்கும் தபாலில் மாதாமாதம் புத்தகம் வருகிறது. வீடியோ காலில் அம்மாவிடம் காட்டினேன்.

“யாருடி அனுப்புறா?”

“பாட்டு எழுதுற ஒரு அம்மா.”

“காசு?”

“வாங்குறதில்லம்மா.”

“அவங்களுக்கு எத்தனை பிள்ளைக?”

“பிள்ளை இல்லம்மா.”

“அதான் ஊர்ப் பிள்ளைக எல்லாத்துக்கும் அனுப்புறாகளே. விலாசம் வாங்கி வை, முறுக்கு சுத்தி அனுப்புறேன்” என்றாள் அம்மா.